காய்ச்சல் இல்லையே என்றேன்

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்து, பிற்பகலானால் மழை பிடித்துக்கொள்ளும் நாட்கள். மலேசியாவில், ஈப்போவிலிருந்து செமோருக்குப் போகிற சாலையில், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எழும்பிய குடியிருப்பு ஒன்றில் எங்கள் வீடு. அந்த வீட்டின் முன்னறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் அதைத் தொடர்ந்து நடந்ததையும்தான் சொல்லப் போகிறேன். இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. என் மகள்தான், "எழுதுங்கப்பா, நாலு பேர் வீட்டுல உதவும்" என்று விடாமல் சொன்னாள்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கோயில் நிர்வாகத்தில் பொறுப்பு, கல்யாண வீடுகளில் முன்வரிசை நாற்காலி என்று நாலு பேர் மதிக்கிற மாதிரி வாழ்ந்துவிட்டேன். அந்த மதிப்புக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்பதுதான் என் குணம். என் மனைவி என்னைவிட இரண்டு வயது இளையவள். இதே செமோர் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன்னால் தன் அம்மாவோடு பால்மரம் வெட்டியவள்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதிர்ந்து பேசத் தெரியாதவள்.

பினாங்கில் வேலை பார்க்கும் எங்கள் இளைய மகள், தன்னோடு வேலை செய்யும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். பையனின் குடும்பம் தெலுக் இந்தானில். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறதே என்று நாங்கள் கவலைப்பட்ட காலமெல்லாம் போய், நல்ல இடம் தானாக வந்திருந்தது. மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. திரைச்சீலைகளைத் துவைத்தாள், முறுக்கு பிழிந்தாள், பரணிலிருந்த நல்ல தட்டுகளை இறக்கிக் கழுவினாள்.

அதற்கு முந்தைய வாரம் அவளுக்கு லேசாகச் சளி பிடித்து, வந்த வேகத்தில் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பகலில் படுத்துத் தூங்கினாள். பகல் தூக்கம் அவளுக்குப் பழக்கமே கிடையாது. எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைத்து, வெறும் சட்டியை ஏற்றிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். கரிந்த வாசனை வந்த பிறகுதான் நான் ஓடிப் போய் அணைத்தேன். "எங்க வச்சிருக்கே நெனப்ப?" என்று கத்தினேன். அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மகள் வந்தாள். வந்த கொஞ்ச நேரத்திலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா என்னமோ மாதிரி இருக்காங்கப்பா. கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க. சோத்தைப் பிசைஞ்சுட்டு அப்படியே எழுந்துட்டாங்க."

"சம்பந்தி வாராங்கன்னு பதட்டம்லா. வேற ஒண்ணும் இல்ல" என்றேன். மகள் சமாதானமாகவில்லை என்று தெரிந்ததும், அலமாரியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து மனைவியின் அக்குளில் வைத்தேன். சரியாக இருந்தது. மகளிடம் நீட்டிக் காட்டி, "பாரு, காய்ச்சல் இல்லையே. இருமல் இல்ல. வலின்னும் சொல்லல. அப்புறம் என்ன?" என்றேன். ஒரு வழக்கை ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பையனும் அவனுடைய அப்பா, அம்மாவும் வந்தார்கள். வழியில் பீடோரில் நிறுத்தி ஒரு பெரிய பை நிறையக் கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தார்கள். பையனின் அம்மா பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கலகலப்பானவர். பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. என் மனைவி மகள் கட்டிவிட்ட பட்டுச் சேலையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். யார் பேசினாலும் அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூச்சு மட்டும் மாடிப்படி ஏறி வந்தவள் மாதிரி வாங்கிக்கொண்டிருந்தது. இதை நான் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

திடீரென்று அவள் பையனின் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "பெரட்டுக்கு மணி அடிச்சிட்டாங்களா? வாளிய எங்க வச்சே? மழை வருது, பால் எல்லாம் போயிரும்."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு.  மகள், "அம்மா..." என்று அவள் கையைத் தொட்டாள். அதை உதறிவிட்டு அவள் எழுந்து நின்றாள். சேலையின் பின்பக்கம் நனைந்திருந்தது. சோபாவிலும் ஈரம்.

பையனின் அப்பா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு கைப்பேசியைப் பார்ப்பது போல் இருந்தார். அந்த நாகரிகம்தான் என்னை இன்னும் கூனிக் குறுக வைத்தது. என் காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்த மானத்தை இவள் ஒரே நிமிஷத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டாள் என்றுதான் தோன்றியதே தவிர, இவளுக்கு என்ன ஆனது என்று தோன்றவில்லை. அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். வெளியே வந்து சிரித்துக்கொண்டே, "பிரஷர் மாத்திரை போடுறா, அதுல கொஞ்சம் தலைசுத்தல்" என்றேன்.

பையனின் அம்மா எழுந்துவிட்டார். "அண்ணே, நான் போய் அக்காவைப் பாக்கலாமா? அவங்களுக்கு மூச்சு வாங்குது."

"வேணாம் வேணாம். தூங்கினா சரியாயிரும். நீங்க சாப்பிடுங்க."

"ஒரு நிமிஷம் பாத்துட்டு வாரேன் அண்ணே."

நான் போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். உண்மையாகவே நின்றேன், வாசல் காவல்காரன் மாதிரி. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். சாப்பாட்டை யாரும் சரியாகத் தொடவில்லை. "இன்னொரு நாள் வந்து பேசுவோம்" என்று சொல்லிக் கிளம்பினார்கள்.

கார் தெருமுனை திரும்பியதும் படுக்கையறைக் கதவைத் திறந்தேன். கட்டிலின் ஓரத்தில் அதே ஈரச் சேலையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் கத்தியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"நாளைக்கே உன்னைத் தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டுபோய் விட்டுட்டு வாரேன், பாரு."

எங்கள் பேராக் மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் அது. எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரையே வசவாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கோயில் கூட்டத்தில் யாராவது உளறினால் நானே எத்தனையோ தடவை, "இவரு தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸ விட்டுட்டாரு" என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். கண்ணில் பயம் இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி, "வேணாங்க" என்றாள். மகள் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்தான் அம்மாவுக்கு உடை மாற்றிப் படுக்க வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மகள் அன்று இரண்டு முறை கேட்டாள். "காய்ச்சல் இல்லாம ஆஸ்பத்திரில போய் என்ன சொல்லுவே? எல்லாம் நடிப்பு" என்றேன். நடிப்பு! நாற்பது வருஷத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னேன்.

மறுநாள் காலை அவளை எழுப்ப முடியவில்லை. கண்ணைத் திறந்தாள், மகளை அடையாளம் தெரியவில்லை. மூச்சு இழுத்தது. மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "காரை எடுங்கப்பா" என்றாள், அவ்வளவுதான். இருவரும் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டு வந்தபோதுகூட, எதிர்வீட்டு வாசலில் யாராவது நிற்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் போனது.

பக்கத்துக் கடைவரிசையில் இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் ஓர் இளம் தமிழ்ப் பெண். நான் முந்திக்கொண்டேன். "மனசு சரியில்லைன்னு நினைக்கிறேன், டாக்டர். வந்தவங்க முன்னாடி என்னென்னமோ பேசுறா. தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா நாங்களே கூட்டிட்டுப் போயிருவோம்."

டாக்டர் என் மனைவியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார், மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணினார், முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"போன வாரம் எப்படி இருந்தாங்க, அங்கிள்?"

"நல்லாத்தான் இருந்தா. முறுக்கெல்லாம் சுட்டா."

"அப்படின்னா இது மறதி நோய் இல்ல, புத்திக் கோளாறும் இல்ல. அதெல்லாம் இப்படி ரெண்டு நாள்ல வராது. உடம்புக்குள்ள வேற என்னமோ நடக்குது. ரத்தத்தைக் கேட்டுப் பாப்போம்."

சர்க்கரை பார்ப்பதற்குக் குத்துவது போல விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து மேசை மேலிருந்த சின்ன இயந்திரத்தில் வைத்தார். சில நிமிஷம்தான் காத்திருந்தோம். அது கீச்சென்று ஒலித்தது. டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"உடம்புல பெரிய தொற்று வந்தா ஈரல் ஒரு புரதத்தை ரத்தத்துல கொட்டும். நல்லா இருக்கிறவங்களுக்கு அது ரொம்ப ரொம்பக் கம்மியா இருக்கும். அம்மாவுக்கு மூணு இலக்கத்துல நிக்குது, பாருங்க. இதை மட்டும் வச்சு எங்க தொற்றுன்னு சொல்ல முடியாது. ஆனா மூச்சு இவ்வளவு வேகமா இருக்கு, ஆக்ஸிஜன் குறைஞ்சிருக்கு, வலது பக்கம் கீழே கரகரன்னு சத்தம் கேக்குது. நுரையீரல்தான். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

நான் விடவில்லை. "ஆனா காய்ச்சல் இல்லையே டாக்டர்? நானே பாத்தேனே, தெர்மாமீட்டர் வச்சு."

"வயசானவங்களுக்குக் காய்ச்சல் வந்துதான் ஆகணும்னு இல்ல, அங்கிள். சில பேருக்கு இருமல்கூட வராது. இப்படிக் குழப்பம் மட்டும்தான் வெளிய தெரியும். சிறுநீர் போறது தெரியாது, பழைய ஊர்ல இருக்கிற மாதிரி பேசுவாங்க. அம்மா உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுத்தான் இருந்திருக்காங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச வழில."

கடைசியில் சொன்னதை அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டே சொன்னார். என்னால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பஞ்சு வைத்த விரலை மற்ற கையால் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். வந்திருப்பது பாக்டீரியாவா வைரஸா என்று முடிவு செய்ய உதவுகிற இன்னொரு பரிசோதனையும் அதில் இருந்தது. ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும்" என்று வார்டு டாக்டர் மகளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அந்த ஒரு நாளை நான் ஏற்கெனவே விட்டிருந்தேன்.

மருந்து வேலை செய்கிறதா என்று அந்தப் புரதத்தின் அளவை வைத்துத்தான் கணித்தார்கள். முதல் தடவை திரும்பப் பார்த்தபோது அது இறங்கவில்லை. மருந்தை மாற்றினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் அந்த ஒரு எண்ணுக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் டாக்டர்கள் கட்டிலருகே வரும்போது எழுந்து நிற்பேன். குமாஸ்தா வேலையில் எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், ஆனால் யார் வாயையும் இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. ஒரு காலை, "இறங்க ஆரம்பிச்சிருச்சு" என்றார்கள். வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அன்று மத்தியானம் அவள் முதல் தடவையாகத் தெளிந்து கண் விழித்தாள். நானும் மகளும் இரண்டு பக்கமும் நின்றோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. வரிசையாகப் போட்டிருந்த கட்டில்களைப் பார்த்தாள், சன்னல் கம்பியைப் பார்த்தாள். மருந்துப் பையை மாற்ற வந்த மலாய்க்கார நர்ஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி, சாயா தக் கீலா. சாயா தக் கீலா, மிஸ்ஸி."

எனக்குப் பைத்தியம் இல்லை, எனக்குப் பைத்தியம் இல்லை என்று மலாயில் கெஞ்சினாள். அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று நர்ஸுக்குப் புரியவில்லை. "என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க மிஸ்ஸி, இனிமே ஒழுங்கா இருப்பேன்னு" என்று தமிழில் அழுதாள். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். அடுத்த கட்டிலில் இருந்த சீனப் பாட்டியும் பார்த்தார். மகள் குனிந்து அம்மாவின் நெற்றியில் கன்னத்தை வைத்து, "இது அந்த எடம் இல்லம்மா. ஈப்போ ஆஸ்பத்திரி. ஒனக்கு நெஞ்சுல சளி, அதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சொல்ல வேண்டிய பதில் அது.  காய்ச்சலில்லாத அந்தக் குழப்பத்தில் விருந்தாளிகள் வந்ததும் போனதும் எதுவும் அவள் நினைவில் நிற்கவில்லை. நான் சொன்னது மட்டும் நின்றிருந்தது.

அந்த வாரக் கடைசியில் பையனின் அம்மா தெலுக் இந்தானிலிருந்து தனியாக வந்தார். ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டு வந்திருந்தார். மகள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன். என்னிடம் ஒன்றும் கேட்காமல், கட்டிலில் உட்கார்ந்து என் மனைவிக்குக் கஞ்சி ஊட்டினார். சிக்குப் பிடித்துக் கிடந்த தலைமுடியைப் பொறுமையாகச் சீவிப் பின்னிவிட்டார். என் மனைவி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

கிளம்பும்போது வராந்தாவில் நின்று என்னிடம் சொன்னார்: "அன்னிக்கே எனக்கு மனசு கேக்கல, அண்ணே. கார்ல ஏறினதும் இவருகிட்ட சொன்னேன், திரும்பிப் போலாம், அந்தக்காவுக்கு உடம்பு முடியலன்னு. அப்புறம் நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டு விட்டுட்டேன். நான் வந்திருக்கணும்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். கேட்டவர் அவர். "கல்யாணப் பேச்சு..." என்று இழுத்தேன். "அதுல என்ன மாத்தம்? அக்கா நல்லா எழுந்து வரட்டும், தேதி பாப்போம்லா" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தார். அந்தக் கதவுக்கு முன்னால் நான் நின்றது யாருடைய மானத்தைக் காப்பாற்ற?

அவள் தேறி வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் கழித்து மறுபரிசோதனைக்கு நான் மட்டும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று இருந்தவர் வேறு டாக்டர். ரத்த முடிவைப் பார்த்துவிட்டு, எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்றார். "காய்ச்சல் இல்லாததால நிறைய வீடுகள்ல இதைக் கவனிக்காம விட்டுடறாங்க. உங்க வீட்டுல யாரு கவனிச்சுக் கூட்டி வந்தது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "இவருதான், டாக்டர். இவருதான் நல்லா பாத்துக்கிட்டாரு."

டாக்டர் என்னைப் பார்த்துப் பாராட்டும் விதமாகத் தலையாட்டினார். நான் மறுக்கவில்லை. அந்த இடத்தில்கூட எனக்கு உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை.

வீடு திரும்பும்போது காரில் தாங்க முடியாமல், "ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ராப்பகலா பக்கத்துல உக்காந்திருந்தீங்கன்னு மக சொன்னா. அது போதும்." பிறகு, "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இனிமே அந்த ஊர்ப் பேரைச் சொல்லி யாரையும் ஏசாதீங்க" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"எங்க அண்ணன் அங்கதான் இருந்தாரு."

காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்து, எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

"மனசு ஒடைஞ்சு போச்சு அவருக்கு. அப்பா கொண்டுபோய்ச் சேத்தாரு. அங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. குணமாகி வந்து மறுபடியும் பால் வெட்டினாரு. அப்புறம் வேற நோயில போயிட்டாரு."

"இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"நீங்க சிரிப்பீங்கன்னுதான்."

மகள் கல்யாணம் தை மாதம் நல்லபடியாக நடந்தது. என் மனைவி ஓடியாடி வேலை பார்த்தாள். உறவினர்களெல்லாம் என் கையைப் பிடித்து, நல்ல குடும்பம் என்று வாழ்த்தினார்கள். ஆனால் வயதானவர்களின் உடம்பு சொல்ல முடியாததை அவர்களுடைய தடுமாற்றம் சொல்லும் என்பதை ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். என்னோடு ஒரே வீட்டில் ஒரு வாழ்நாளையே கழித்தவள் தன் அண்ணனைப் பற்றி என்னிடம் வாய்விட்டு அழக்கூடப் பயந்திருந்தாள் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இந்த வயது ஆகியிருக்கிறதே, அந்த வெட்கம் இன்றும் என்னோடுதான் தினமும் எழுந்திருக்கிறது.